மைல்கல் உள்ள பக்கம், இல்லாத பக்கம்

ஆஷ் ரா டெம்பெல் என்ற ஜெர்மானிய மூவர் குழுவின் முதல் இசைத்தட்டு 1971-இல் வெளிவந்தது. பக்கத்துக்கு ஒன்றாக அதில் இரண்டே உருப்படிகள். முதல் பக்கத்தில் 19 நிமிடம் 40 நொடி ஓடும் ‘அம்போஸ்’. மறுபக்கத்தில் 25 நிமிடத்தைத் தாண்டும் ‘டிராவும்மஷீனெ’. முன்னதற்குக் கொல்லனின் பட்டடைக்கல் என்று பொருள், பின்னதற்குக் கனவு இயந்திரம். பாட்டு வரி ஒன்றுகூடக் கிடையாது. வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் ‘ஓர்’, அதாவது காது. பொருத்தமான பெயர்தான்.

இந்த இசைப் பயணம் புறப்படும் இடம் மேற்கு பெர்லின். அன்று அது சுவர் வளைத்த நகரம். தரைவழியே எந்தப் பக்கம் போனாலும் கிழக்கு ஜெர்மனியையும் அதன் சோதனைச் சாவடிகளையும் கடந்தாக வேண்டும். கால் நீட்ட இடமில்லாத ஊரில் பிறந்த இசை விண்வெளியை நாடியதில் வியப்பில்லை. 1968-இல் அங்கே ஒரு கால்வாய்க் கரையில் தொடங்கிய ஸோடியாக் என்ற கூடத்தில் ஒரு அறை முழுக்க வெள்ளை, மற்றொன்று முழுக்கக் கறுப்பு. பெர்லினின் புது இசைக்காரர்கள் பலர் அங்கே வாசித்துப் பழகியவர்கள்.

குழுவின் பாஸ் கிடார்க்காரர் ஹார்ட்முட் என்கெ லண்டன் சென்று, பிங்க் ஃபிளாய்ட் வாசித்துக் கழித்த பெரிய ஸ்பீக்கர்களை வாங்கி வந்தார். இது வெறும் ஆடம்பரம் அல்ல. ஸ்பீக்கரின் பேரொலி கிடார்க் கம்பியைத் திரும்பத் தொட்டு அதிர வைக்கும்போது, ஒருமுறை மீட்டிய ஸ்வரம் அடங்காமல் நிற்கும். விண்வெளி என்று காதுக்குத் தோன்றுவதில் பாதி இந்த நீட்சி, மீதி எக்கோ. 1971 மார்ச்சில் ஹாம்பர்க் ஸ்டுடியோவில், கோனி பிளாங்க் ஒலிப்பதிவுப் பொறியாளராக இருக்க, தட்டு பதிவானது. கிடார் வாசித்த மானுவேல் கெட்ஷிங்குக்கு அப்போது வயது 18.

‘அம்போஸ்’ மெல்லிய இரைச்சலில் தொடங்குகிறது. கிடார் தூரத்தில் எழுகிறது, தாளத்தட்டுகள் சலசலக்கின்றன. பிறகு கிளவுஸ் ஷூல்ட்ஸெயின் டிரம்ஸ் உள்ளே பாய்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு அடியும் சாலையோர மைல்கல்தான்: எவ்வளவு தூரம் வந்தோம், வேகம் கூடியதா என்பது காதுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். கிடாரின் ஆவேசத்தையே பலரும் புகழ்வார்கள். ஆனால் கவனித்துக் கேட்டால் அந்த ஆவேசத்தைத் தரையில் நிறுத்தி வைப்பது என்கெயின் பாஸ் என்பது புரியும். அதை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை கேட்பது நல்லது. சாதாரணச் சிறு ஸ்பீக்கரில் அது காணாமலே போய்விடும்.

தட்டைத் திருப்பினால் மைல்கற்கள் இல்லை. ‘டிராவும்மஷீனெ’யில் நெடுநேரம் தாளமே கிடையாது. தம்புரா மீட்டலைப் போல ஒரு ஒலிப்படலம் விரிகிறது. ஆனால் அதன்மேல் ஆலாபனை எழும் என்று காத்திருப்பவருக்கு ஏமாற்றம்தான். கிடார் எது, மின்கருவி எது என்று பிரிக்க முடிவதில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்றா, பத்தா என்பதும் தெரிவதில்லை. பின்னர் கைத்தாளக் கருவிகள் தலைகாட்டுகின்றன, கிடாரும் நடை பிடிக்கிறது. கொஞ்ச தூரம் கூட வந்துவிட்டு அவை விலகுகின்றன. ‘அம்போஸ்’ அளவுக்கு இது கொண்டாடப்படுவதில்லை. ஆயினும் தட்டின் துணிச்சல் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இதைக் கேட்க ஒரு நடைமுறைக் குறிப்பும் உண்டு. பொதுவாக ஒரு பக்கத்தில் நேரம் கூடக் கூட, தட்டில் ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். ஒலியளவைக் குறைத்தால்தான் அது முடியும். ஆகவே 25 நிமிடப் பக்கத்துக்கு வால்யூமைச் சற்றுக் கூட்டி வைப்பது முறை. தூசியின் சடசடப்பும் அதோடு சேர்ந்து பெருகும். கடைசி நிமிடங்களில் ஒலி தேய்ந்து போகும்போது, மிஞ்சுவது கிடாரா ஊசியின் உராய்வா என்று சிறிது நேரம் சொல்ல முடியாது. பிறகு தட்டு மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.