செவலை நாயின் காதும் ஒரு விமானி குடும்பமும்

மொரப்பூர் ரயில் நிலையத்துக்கு வெளியே டீக்கடை வாசலில் படுத்திருந்த செவலை நாய்க்கு ஒரு காதின் நுனி இல்லை. சண்டையில் பிய்ந்த காது பிசிறு பிசிறாக இருக்கும். இது கத்தரியால் வெட்டியதுபோல் நேராக இருந்தது. "குடும்பக் கட்டுப்பாடு ஆன நாயிங்க. டவுன்ல புடிச்சி ஆபரேஷன் பண்ணியிருக்காங்க, யாரோ இங்க கொண்டாந்து உட்டுட்டாங்க" என்றார் கடைக்காரர், டீயை ஆற்றிக்கொண்டே.

தெருநாய்க்குக் கருத்தடை செய்து, அடையாளத்துக்குக் காதை வெட்டி, மறுபடி தெருவிலேயே விடலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது? கால்நடைத் துறையிலோ ஏதாவது நகராட்சியிலோ விடை கிடைக்கும் என்றுதான் தேடத் தொடங்கினேன். தடம் போய் நின்றது விமானத் தளத்தில்.

சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போவது சுலபம். இப்போது நடப்பில் இருப்பவை 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள். அவற்றுக்கு முன்பு இருந்தவை 2001ஆம் ஆண்டு விதிகள். காதை வெட்டியோ பச்சை குத்தியோ அடையாளமிட வேண்டும், பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டும் என்று அப்போதே எழுதிவிட்டார்கள். கடைக்காரர் சொன்னது சரியென்றால் செவலை மொரப்பூருக்கு வந்ததே விதிமீறல்தான்! இன்னும் பின்னால் போனால் 1990களின் நடுவில் சென்னை மாநகராட்சி. அதற்கும் பின்னால், 1964இல், பிராணிகள் நல அமைப்பான புளூ கிராஸ் ஆஃப் இந்தியா. அந்த அமைப்பைத் தொடங்கியவர் கேப்டன் வி. சுந்தரம். பட்டாளத்துக் கேப்டன் அல்ல, விமானி.

அவருக்கும் உஷாவுக்கும் 1941இல் திருமணம் நடந்தது. உஷாவுக்கு அப்போது பதினேழு வயதுக்கு மேல் இருக்காது. 1946இல் குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது. மைசூர் மகாராஜாவின் டகோட்டா விமானத்தைச் சுந்தரம் ஓட்டினார், பக்கத்து இருக்கையில் உஷா. நேரு, ராஜேந்திர பிரசாத், படேல் எல்லாம் அவர்களுடைய விமானத்தில் பறந்திருக்கிறார்கள். சமஸ்தானங்களை இந்தியாவோடு இணைக்க ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த படேலுக்கு, நேரத்துக்குக் கொண்டுபோய் இறக்கும் விமானி எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அலாஸ்காவிலும் பப்புவா நியூ கினியிலும் காட்டுக்கும் மலைக்கும் நடுவே, ஓடுதளம் என்று பெயருக்கு இருக்கும் மண் திட்டில் விமானத்தை இறக்குவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் உண்டு. நம் ஊரில் அப்படி ஒரு தொழில் தனியாக வளரவில்லை. ஆனால் 1947இல் டகோட்டா ஓட்டியவர்களின் வேலை அதற்குச் சளைத்ததல்ல. பிரிவினையின்போது பாகிஸ்தான் பக்கம் மாட்டிக்கொண்டவர்களை ஏற்றிவரப் போன விமானிகளில் இந்தத் தம்பதியும் இருந்தார்கள். உஷா அப்போது பிள்ளைகளின் தாய்.

பெங்களூரை அடுத்த ஜக்கூரில் மைசூர் அரசு விமானப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியபோது, அங்கே சுந்தரம் ஆசிரியர், உஷா மாணவி. 1949இல் தேறி வெளியே வந்தார். சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

1951இல் சென்னை அரசுக்காக டி ஹாவிலண்ட் டவ் விமானம் ஒன்றை வாங்க இருவரும் லண்டன் போனார்கள். வாங்கியதைக் கப்பலில் ஏற்றிவிட்டுத் திரும்பியிருக்கலாம். இவர்கள் ஓட்டிக்கொண்டே வந்துவிட்டார்கள். டவ் சின்ன விமானம்: இரண்டு பிஸ்டன் எஞ்சின், எட்டுப் பயணிகளுக்கு இடம். இன்றைய ஜெட் விமானங்களைப் போலக் கேபினுக்குள் காற்றழுத்தம் கிடையாது. அதனால் மோசமான மேகக் கூட்டம் எதிரே வந்தால் மேலே ஏறித் தாண்டும் வசதி இல்லை, சுற்றித்தான் போக வேண்டும். லண்டனிலிருந்து பம்பாய் நேர்கோட்டில் அளந்தாலே 7,000 கிலோமீட்டருக்கு மேல். நடுநடுவே இறங்கி எரிபொருள் நிரப்பி, மறுபடி ஏறி, பம்பாய் வந்து சேர 27 மணி நேரம். பிஸ்டன் எஞ்சின் விமானத்தில் இது சாதனை நேரம் என்கிறார்கள். எனக்கென்னவோ சாதனையைவிட, கணவனும் மனைவியும் அத்தனை மணி நேரம் ஒரு சின்ன காக்பிட்டில் சேர்ந்து வேலை பார்த்ததுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

நாய்க் கதை 1959 மழைக்காலத்தில் வருகிறது. சென்னையில், தி. நகர்த் தெருவில் தேங்கிய வெள்ளத்தில் இரண்டு நாய்க்குட்டிகள் தத்தளிப்பதைச் சுந்தரம் பார்த்தார், வீட்டுக்குத் தூக்கிவந்தார். அங்கே ஏற்கெனவே பிராணிகளுக்குப் பஞ்சமில்லை. புளூ கிராஸ் பிறந்தது அந்த வீட்டில். நிறுவனர் பட்டியலில் சுந்தரம், உஷா, பிள்ளைகள் சுரேஷ், விஜயலட்சுமி, சின்னி கிருஷ்ணா என்று குடும்பமே இருக்கிறது. காலமும் அதற்கு வாகாக இருந்தது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் மூட்டிய விவாதத்தின் பலனாக 1960இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962இல் விலங்குகள் நல வாரியம் சென்னையிலேயே அமைந்து, அவரே முதல் தலைவரானார்.

கருத்தடை யோசனை சின்னி கிருஷ்ணாவுடையது. எஞ்சினியர், கணக்குப் பார்க்கிறவர். சென்னை மாநகராட்சி 1860 முதல் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. நூறு வருஷம் கொன்றும் தெருவில் நாய் குறையவில்லையே, அப்படியென்றால் முறையில்தானே கோளாறு? ஒரு நாயைக் கொன்றால் அந்த இடத்துக்கு இன்னொன்று வந்து குட்டி போடுகிறது. குட்டி போட முடியாத, வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாயை அங்கேயே விட்டுவைத்தால் வெளிநாய் உள்ளே வருவது கஷ்டம். 1964இல் மாநகராட்சியிடம் இதை எடுத்துச் சொன்னார்கள். நடக்கவில்லை. புளூ கிராஸ் தன் கையிலிருந்த அளவுக்குத் தானே செய்யத் தொடங்கியது. 1995 வாக்கில் சென்னையில் ஒரு நாளைக்கு 135 நாய்கள்வரை கொல்லப்பட்டுக்கொண்டிருந்தன.

அதன் பிறகுதான் மாநகராட்சி வழிக்கு வந்தது. லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் வந்த குடும்பத்துக்கு மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையைத் தாண்ட முப்பது வருஷத்துக்கு மேல் பிடித்திருக்கிறது! அதற்குள் ஜெய்ப்பூரிலும் இதே வேலை தொடங்கியிருந்தது. 2001இல் விதியானபோது நாடு முழுக்கப் பொருந்தியது.

இந்த முறைக்கு இன்று எதிர்ப்பு பலமாக இருக்கிறது. கடிபட்ட குழந்தையின் பெற்றோரிடம் போய்ப் பிறப்புக் கட்டுப்பாட்டுக் கணக்கைச் சொல்ல முடியாது. ஆனால் வெறிநோய் பரவுவது நிற்க வேண்டுமானால் ஒரு பகுதியில் நூற்றுக்கு எழுபது நாய்க்காவது தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெருநகரத்துக்கே எட்டாத அந்த இலக்கு ஊராட்சிகளுக்கு எப்போது எட்டும்? 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது, வெறிபிடித்தவையும் மூர்க்கமானவையும் தவிர. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் பிடிக்கும் நாய்களை மறுபடி அங்கே விடக் கூடாது என்று உத்தரவிட்டது. அவற்றை வைத்துப் பராமரிக்கும் காப்பகங்களைக் கட்டும் பொறுப்பு இனி உள்ளாட்சிகளின் தலையில்.