அலையும் வேலியும்

ஒரு வீட்டின் எல்லை எங்கே முடிகின்றது என்ற வினாவுக்கு யாழ்ப்பாணத்து மக்கள் நெடுங்காலமாக வேலியையே விடையாகக் காட்டி வந்துள்ளனர். கிடுகு வேலியாயினும், கதியால் வேலியாயினும், பிற்காலத்து மதிலாயினும், அதன் உட்புறம் தமது, வெளிப்புறம் பிறரது என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது. இரவோடிரவாகக் கதியால் ஓரடி தள்ளி நடப்பட்டதென வழக்காடி வளவையே இழந்தோரும் உளர். எல்லையைக் கடந்து செல்வனவற்றுக்கும் அவர்களிடம் விதியிருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட தேசவழமை, ஒருவரது காணியில் நின்று அடுத்தவரது காணிக்கு மேலாகச் சாயும் மரத்தின் பயன் பற்றியும் பேசுகின்றது. காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் நிலத்தோடு சேர்த்தே எழுதப்பட்டு வந்துள்ளன.

ஆயின், அண்மைக் காலத்தில் வீடுகளுக்குள் வந்து சேர்ந்துள்ள ஒரு பொருள் எந்தக் கதியாலையும் பொருட்படுத்துவதில்லை. வைபை எனப்படும் கம்பியில்லா இணையமே அது. அதனைப் பரப்பும் ரவுட்டர் என்ற சிறு கருவி ஒரு வீட்டில் முதன்முதலாக நிறுவப்படும்போது எழும் வினாக்கள், கருவியைப் பற்றியனவாகத் தொடங்கி அயலவரைப் பற்றியனவாக முடிகின்றன. வலிகாமத்துக் கிராமமொன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டில் நடந்தவை இதனை நன்கு விளக்குவன.

எழுபது வயதைக் கடந்த அவ்வாசிரியை தனியே வாழ்பவர். மகன் ரொறன்ரோ நகரில் இருக்கின்றார். தாயின் முகத்தை நாள்தோறும் தடங்கலின்றிப் பார்க்க வேண்டும் என்பதற்காக அவரே பணம் அனுப்பி, கைத்தொலைபேசிக் கோபுரத்திலிருந்து நான்காம் தலைமுறை அலையைப் பெற்று வீட்டுக்குள் பகிரும் ரவுட்டர் ஒன்றுக்கு ஒழுங்கு செய்தார். அதனைக் கொண்டுவந்த இளைஞர் மின்னிணைப்பைக் கொடுத்து, கருவியின் அடியில் ஒட்டப்பட்டிருந்த கடவுச்சொல்லைக் காட்டிவிட்டுச் சென்றார். எஞ்சியவற்றை மகன் கைத்தொலைபேசியின் வழியே சொல்லச் சொல்ல, ஆசிரியை ஒவ்வொன்றாகச் செய்தார்.

முதலில் எழுந்தது இடம் பற்றிய பிரச்சினை. இத்தகைய ரவுட்டருக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒரு முகம் வெளியே உள்ள கோபுரத்தை நோக்குவது. மற்றது வீட்டிலுள்ள கருவிகளை நோக்குவது. கோபுரத்தின் அலை யன்னலோரத்தில் வலிமையாகக் கிடைக்கும். வீட்டினுள் அலை சீராகப் பரவுவதற்கோ நடுவிடமே ஏற்றது. அவ்வீடு பழைய நாற்சார் வீடு. சுண்ணாம்புக் கல்லால் எழுப்பப்பட்ட தடித்த சுவர்கள் அலையின் பெரும்பகுதியை விழுங்கிவிடுவன. ரவுட்டர்கள் பொதுவாக 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் ஆகிய இரு மீடிறன்களில் இயங்குகின்றன. முன்னையதன் அலைநீளம் ஏறக்குறைய 12 சென்றிமீற்றர்; அது சுவர்களை ஓரளவு ஊடுருவும். பின்னையது விரைவு மிக்கது, ஆனால் ஒரு சுவரைக் கடந்ததுமே தளர்ந்துவிடும். உலோகம் அலையைத் திருப்பிவிடும். நீர் அதனை உறிஞ்சும். ஆகவே இரும்பு அலுமாரியின் மேல் வைத்தபோது படம் உறைந்தது. சாமியறைக்குப் பக்கத்தில் வைத்தபோது கோபுரமே அகப்படவில்லை. ஈற்றில், கூடத்தின் கிழக்கு யன்னலோரமாக, ஆளுயரத்தில் ஒரு பலகையடித்து அதில் வைக்கப்பட்டது. அந்த யன்னலுக்கு அப்பால் பத்தடி தூரத்தில் வேலி. வேலிக்கு அப்பால் அடுத்த வீடு. தடித்த சுவரைத் துளைக்க மாட்டாத அலை, திறந்த யன்னலால் அடுத்த வளவுக்குள் எளிதாகச் சென்றது. சமையலறையிற் கிடைத்ததைவிட அயலவரின் திண்ணையில் அது நன்றாகக் கிடைத்தது.

அடுத்தது பெயர். ஒவ்வொரு ரவுட்டரும் தனக்கொரு பெயரைச் சுற்றுப்புறத்துக்கு இடைவிடாது அறிவித்துக்கொண்டிருக்கின்றது. ஆலையிலிருந்து வரும்போது அதிற் பெரும்பாலும் உற்பத்தியாளர் பெயரும் சில இலக்கங்களும் இருக்கும். அது கருவியின் வகையை வெளியாருக்குக் காட்டிக்கொடுப்பதாகும். ஆசிரியை தம் வீட்டுக்குத் தமிழிலேயே பெயரிட விரும்பினார். இப்பெயருக்கு நியமம் அனுமதிக்கும் அளவு 32 பைட்டுகள். ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைட்டு போதும். யூனிக்கோட்டின் வழக்கமான குறியீட்டு முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும்; மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனியே கணக்கிடப்படும். எனவே பத்துக் குறிகளுக்குள் அடங்கும் பெயரே தமிழுக்கு வாய்க்கும். ‘அம்மா வீடு’ என்பதை இடைவெளியின்றி எழுதினால் ஒன்பது குறிகள், அப்பெயர் அடங்கிவிட்டது. ஆனால் கடவுச்சொல்லில் தமிழுக்கு இடமில்லை. டபிள்யூ.பி.ஏ.2 என்ற பாதுகாப்பு நியமத்தில் அது 8 முதல் 63 வரையான ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் குறிகளுமாகவே இருத்தல் வேண்டும். வாசலிற் பெயர்ப்பலகை தமிழிலிருக்க, திறப்பு மட்டும் வேற்றெழுத்தில் அமைந்த நிலை இது. ஆசிரியை ஒரு மரம், ஒரு பாத்திரம், ஓர் ஊர், ஓர் எண் ஆகிய நான்கையும் ஆங்கில எழுத்தில் ஒன்றாய்க் கோத்துத் தமது திறப்பை ஆக்கிக்கொண்டார். ஒன்றோடொன்று தொடர்பற்ற சொற்களின் நீண்ட கோவை, சிக்கலான குறிகள் விரவிய குறுஞ்சொல்லிலும் நினைவிற் கொள்ள எளிது. பிறர் ஊகிப்பதற்கோ கடினம்.

கடவுச்சொல் ஒன்றல்ல, இரண்டு என்பதைப் பலர் அறியார். ஒன்று இணையத்தைப் பயன்படுத்துவதற்குரியது. மற்றது கருவியையே ஆளுவதற்குரியது. உலாவியில் 192.168.1.1 போன்றதோர் எண்ணைக் கொடுத்தால் கருவியின் ஆட்சிப் பக்கம் திறக்கும். 192.168 எனத் தொடங்கும் எண்கள் வீடுகளின் உட்பயனுக்கென 1996ஆம் ஆண்டின் நியமமொன்றினால் ஒதுக்கப்பட்டவை. எத்தனையோ வீடுகளில் இதே எண் வழங்குகின்றது. அப்பக்கத்தின் கடவுச்சொல்லை ஆலையில் இட்டவாறே விட்டுவிடுவது, வீட்டைப் பூட்டித் திறப்பைக் கதவிலேயே தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். 2016ஆம் ஆண்டில் மிராய் என்ற தீநிரல், இத்தகைய ஆலைக் கடவுச்சொற்களில் 60க்கு மேற்பட்டவற்றைப் பட்டியலாகக் கொண்டே உலகெங்கும் இலட்சக்கணக்கான கமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றி, அவற்றை ஆயுதமாக்கிப் பெரும் இணையத்தளங்களை முடக்கியது. உடைமையாளர்களில் பெரும்பாலோர் தம் கருவி அப்படையிற் சேர்ந்திருந்ததை அறியவேயில்லை. பூட்டின் வகையும் கவனிக்கத்தக்கது. 1997இல் வந்த முதல் நியமத்தின் பூட்டு உடையக்கூடியது என்பதை 2001இல் ஆய்வாளர் மூவர் எடுத்துக்காட்டினர். அதன் பயனாகவே 2004இல் டபிள்யூ.பி.ஏ.2 உம், 2018இல் டபிள்யூ.பி.ஏ.3 உம் தோன்றின. ஆட்சிப் பக்கத்தில் இவை பட்டியலாக நிற்கும். கருவிகள் ஏற்குமாயின் இறுதியாக வந்ததையே தெரிதல் நன்று.

இவையெல்லாம் ஒரு மாலைப்பொழுதில் முடிந்தன. முடியாதிருந்தது வேறொன்று.

அடுத்த வீட்டில் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றவிருந்த பெண்ணொருத்தி இருந்தாள். தாய் கூலி வேலைக்குச் செல்பவர். மாணவி பாடங்களைக் கேட்பதற்கு ஒரு பழைய கைத்தொலைபேசியும், காசு கிடைக்கும்போது இடும் ரீலோட்டுமே துணை. 2020இல் பள்ளிகள் மூடப்பட்ட நாள்முதல் பாடங்களிற் பெரும்பகுதி இணையத்துக்கு இடம்பெயர்ந்தமையும், 2021இல் ஊவா மாகாணக் கிராமமொன்றின் பிள்ளைகள் அலையைத் தேடி மலைப்பாறையில் ஏறியமையும் யாவரும் அறிந்தவை. பள்ளிகள் திறந்த பின்னரும் தனியார் வகுப்புகள் பல அவ்வழியே நிலைத்துவிட்டன. புதிய பெயர் தன் திரையில் தோன்றியதைக் கண்ட அப்பெண், மறுநாள் வேலிப் பொட்டால் வந்து, “ரீச்சர், உங்கட லைனிலை நான் வகுப்புக் கேக்கலாமோ?” என்று வினவினாள். ஆசிரியை மகனிடம் சொன்னார். மகன் மறுத்தார்.

அவர் கூறிய காரணங்கள் அற்பமானவையல்ல. மாதத்துக்குக் கிடைப்பது 40 கிகாபைட். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரக் காணொளியே ஏறக்குறைய ஒரு கிகாபைட்டைக் கொள்ளும். அன்றியும், அவ்வீட்டிலிருந்து செல்வன யாவும் வெளியுலகின் கணக்கில் ஒரே சந்தாதாரரின் பெயரிலேயே செல்கின்றன. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் விசாரணை ஒன்று எழுமாயின், முதலிற் தட்டப்படுவது அவ்வீட்டுக் கதவே. டபிள்யூ.பி.ஏ.2 முறையில் ஒரே கடவுச்சொல்லை அறிந்தவர், திறமையிருப்பின், அதே இணைப்பிலுள்ள ஏனையோரின் போக்குவரத்தையும் உற்றுநோக்க இடமுண்டு.

“தம்பி, எங்கட கிணத்தை நாங்கள் எந்தக் காலத்திலை பூட்டி வைச்சனாங்கள்?” என்று தாய் கேட்டார்.

“கிணத்திலை ஆர் அள்ளினது எண்டு கண்ணுக்குத் தெரியும், அம்மா. இதிலை தெரியாது” என்றார் மகன்.

மகனது விடை கூர்மையானது. எனினும் தாயை வாட்டியது அவ்விடையன்று, தமது வினாவே. கிணறு பூட்டப்படாதிருந்தது உண்மை. ஆனால் எல்லோரும் அதில் அள்ளினார்கள் என்பது உண்மையன்று. அவரது சிறுவயதில், அதே வளவின் கிணற்றடியில், கயிற்றைத் தொட உரிமையற்றவர்களாய், யாராவது அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நின்றவர்கள் இருந்தனர். அப்பெண்ணின் பாட்டியும் அவர்களுள் ஒருவர். சாதியின் பேரால் இத்தகைய தடைகளை விதிப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் வந்தது. 1966 முதல் தேநீர்க் கடைகளிலும் ஆலயங்களிலும் சமத்துவத்துக்கான போராட்டங்கள் நடந்தன. அதன் பின்னரே பல கிணற்றடிகள் மாறின. எங்கள் கிணறு என்ற பெருமிதத்தினுள் எங்கள் என்பது யாரை உள்ளடக்கியது என்ற வினாவும் மறைந்திருந்தது. பகிர்வின் வரலாறு வேறுவிதமாகவும் இருந்ததுண்டு. 1990இன் பின், குடாநாட்டில் மின்சாரம் அற்றிருந்த ஆண்டுகளில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி இயக்கிய வானொலியைச் சுற்றி அயலெல்லாம் கூடியது. அங்கே செய்தி கேட்க வந்தவரை எவரும் புறத்தே நிறுத்தவில்லை.

இரண்டு நாள்களின் பின் மகனே ஒரு வழி சொன்னார். விருந்தினருக்கெனத் தனியான ஓர் இணைப்பை அதே கருவியிற் திறக்கலாம்; அதற்கு வேறு பெயர், வேறு கடவுச்சொல். அதிற் சேர்வோர் இணையத்தை அடையலாம். வீட்டின் ஏனைய கருவிகளை அணுக இயலாது. வேகத்துக்கும் வரம்பிடலாம். நுட்பத்தின்படி இது செவ்விய தீர்வு. ஆனால் ஆசிரியை உடனே உடன்படவில்லை. “வேறை பேணியிலை தேத்தண்ணி குடுத்த மாதிரியெல்லோ கிடக்கு” என்றார். ரொறன்ரோவில் இருந்தவருக்கு அச்சொல்லின் பாரம் விளங்கச் சிறிது நேரம் சென்றது.

ஈற்றில் ஆசிரியை கண்ட வழி எந்தக் கைந்நூலிலும் இருப்பதன்று. விருந்தினர் இணைப்பைத் திறந்தார், வேகத்துக்கு வரம்பிடவில்லை. தமது கைத்தொலைபேசியையும் அதிலேயே சேர்த்துக்கொண்டார். ஓய்வூதிய, வங்கி அலுவல்களுக்கான மடிக்கணினி மட்டும் முதல் இணைப்பில் நின்றது. இவ்வாறு பிரிவு பொருளுக்குப் பொருள் அமைந்தது. ஆளுக்கு ஆள் அமையவில்லை. எந்தெந்தக் கருவி இணைந்துள்ளது, எவ்வளவு செலவாயிற்று என்பவற்றை ஆட்சிப் பக்கம் காட்டுவதால், அள்ளுபவரைக் காண இயலாதென்ற மகனது குறையும் ஒருவாறு நீங்கியது. பாடப் பதிவுகளை நள்ளிரவுக்குப் பின்னரான பொதியில் இறக்கிவைத்தால் பகற்பொதி மிஞ்சும் என்ற உபாயத்தை அப்பெண்ணே ஆசிரியைக்குக் கற்பித்தாள்.

சமத்துவம் ஒரு கடவுச்சொல்லால் வந்துவிடும் என்று எவரும் கூறார். தனக்கென இணைப்பொன்றைப் பெற வசதியற்ற வீடு, அயலவரின் நல்லெண்ணத்தையே நம்பியிருக்க வேண்டிய நிலை அவ்வூரில் மாறிவிடவில்லை. கொடுக்கும் கை மேலேயும் பெறும் கை கீழேயும் இருக்கும்வரை, கொடையும் ஒருவகை வேலியே. எனினும், கருவியை நிறுவும் கைந்நூல் கூறும் படிகளுள் ஒன்றேனும் வெறும் நுட்பமன்று என்பதை இந்நிகழ்ச்சி புலப்படுத்துகின்றது. கடவுச்சொல் கேட்கும் அந்த வெற்றுக் கட்டத்தில் ஒவ்வொரு குடும்பமும் தன் அயலைப் பற்றிய முடிவொன்றை எழுதுகின்றது. சிந்தியாது விடுவோர் ஆலையோ பழைய வழக்கமோ எழுதிவைத்த முடிவையே ஏற்றுக்கொள்கின்றனர்.

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றுவதென்று ஆசிரியை தீர்மானித்திருந்தார். முதன்முறை மாற்ற வேண்டிய நாள் வந்தபோது, விருந்தினர் இணைப்புக்குரிய புதிய சொல்லைத் தெரிவு செய்யும் பொறுப்பை அவர் அப்பெண்ணிடமே கொடுத்தார்.