காயலான் கடைத் தராசு

ஆடி மாதம் வந்தால் எங்கள் பட்டறையில் பிரேக் வேலைதான் அதிகம். பெரியபாளையம் பவானியம்மனுக்குப் பொங்கல் வைக்கக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஐந்து பேர் உட்காரும் காரில் எட்டுப் பேர், டிக்கியில் அண்டா, அரிசி, விறகு, மேலே கேரியரில் பாயும் தார்ப்பாயும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பும்போது இரண்டு மூன்று வண்டியாவது பெரியபாளையத்தைத் தாண்டாமல் நின்றுவிடும். இறங்கிப் போய்ப் பார்ப்பதற்கு முன்பே சக்கரத்திலிருந்து கருகல் வாசனை வரும். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சுண்ணே" என்பார்கள். வாஸ்தவம். நேற்று அந்த வண்டியில் இருநூறு முந்நூறு கிலோ சுமை இல்லை.

எடை ஒரு காரை என்ன பாடுபடுத்தும் என்பதை இந்த வண்டிகளிடம்தான் நான் கற்றுக்கொண்டேன். ரேஸ் வண்டி வேலை பிறகு வந்தது.

சிறுவயதில் பட்டறை மேஸ்திரி என்னைச் சோழவரம் ரேஸுக்குக் கூட்டிப் போவார். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை அது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் வருடா வருடம் ரேஸ் நடத்தியது. நேர் ஓட்டத்தில் பெரிய எஞ்சின் வண்டிகள் உறுமிக்கொண்டு போகும். திருப்பம் வந்தால் சின்ன வண்டிகள் கிட்டே வந்துவிடும். ஏன் என்று அப்போது புரியவில்லை. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்த பிறகு, அங்கே மாருதி 800க்கு வேலை பார்த்தபோதுதான் கணக்குப் புரிந்தது.

மாருதி 800இன் எடை ஏறக்குறைய 650 கிலோ. பழைய கார்புரேட்டர் எஞ்சின் 37 குதிரைத்திறன். 70 கிலோ ஆள் உட்கார்ந்தால் மொத்தம் 720. வண்டியிலிருந்து 70 கிலோவைக் கழற்றிவிட்டால், ஆளே உட்காராத வண்டி மாதிரி ஓடும். அதே துடிப்பை எஞ்சினில் கொண்டுவர இன்னும் நாலு குதிரைத்திறன் வேண்டும். அதற்கு ஹெட்டைக் கடைய வேண்டும், கேம் மாற்ற வேண்டும், சூட்டோடு போராட வேண்டும். பின் சீட்டைக் கழற்ற ஒரு ஸ்பானர் போதும்.

ஆனால் உச்ச வேகம் இதனால் பெரிதாக ஏறாது. மேல் வேகத்தில் வண்டியைப் பிடித்து இழுப்பது காற்று. எடை தெரிவது திருப்பத்திலிருந்து கிளம்பும்போது, பிரேக் மிதிக்கும்போது, திரும்பும்போது. டயருக்கு ஒரு குணம் உண்டு: மேலே பாரம் இரட்டித்தால் பிடிமானம் இரட்டிக்காது, கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். அதனால் லேசான வண்டி அதே டயரில் கூடுதல் வேகத்தில் திரும்பும். கோயம்புத்தூர் கரிவரதன் இதே 796 சிசி எஞ்சினை ஒரு லேசான குழாய்ச் சட்டத்தில் வைத்து ஃபார்முலா மாருதியைக் கட்டினார். பிற்பாடு ஃபார்முலா ஒன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயன் முதலில் ஓட்டிப் பழகியது அந்த வண்டிதான்.

எடை குறைக்கும் வேலையில் எனக்கு மிகப் பிடித்தது தார் ஷீட் எடுப்பது. சத்தம் கேட்காமலிருக்கத் தரைத் தகட்டில் ஒட்டியிருப்பார்கள். சூடுகாட்டிச் சுரண்டினால் கையெல்லாம் பிசுபிசுக்கும். டிரை ஐஸைப் பரப்பி, ஷீட் நன்றாக விறைக்கும் வரை விட்டு, மர சுத்தியால் தட்டினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். துடைப்பத்தால் கூட்டிச் சாக்கில் அள்ளிக் காயலான் கடைத் தராசில் வைப்பேன். லாரி ஏறும் எடைமேடையில் சில்லறைக் கிலோ தெரியாது. கழற்றிய ஒவ்வொன்றையும் காயலான் கடையில்தான் நிறுத்து நோட்டில் எழுதுவேன்.

எங்கிருந்து குறைக்கிறோம் என்பதும் முக்கியம். கூரையில் குறைந்த ஒரு கிலோ, தரையில் குறைந்த ஒரு கிலோவைவிடப் பெரிது. சக்கரத்தில் குறைந்தால் இன்னும் மேல்: சக்கரம் உருளவும் வேண்டும், ஸ்பிரிங்குக்குக் கீழே குதிக்கவும் வேண்டும். அழகுக்குப் பெரிய அலாய் வீல் மாட்டிக்கொண்டு வரும் பையன்களிடம், பழைய இரும்புச் சக்கரத்தையும் புதியதையும் டயரோடு நிறுத்துப் பார்க்கச் சொல்வேன். பல தடவை புதியதுதான் கனமாக இருந்திருக்கிறது.

நானும் ஒரு தப்புச் செய்திருக்கிறேன். ஆரம்பக் காலத்தில், கால் கிலோவுக்கு ஆசைப்பட்டு டிரைவர் சீட் பிராக்கெட்டில் வரிசையாக ஓட்டை போட்டேன். மூன்றாவது சுற்றில், பிரேக் மிதித்த இடத்தில், இரண்டு ஓட்டைக்கு நடுவே அது கிழிந்தது. சீட் சாய, ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கியபடியே ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டினார். காயம் இல்லை. அந்தப் பிராக்கெட் இன்னும் என் டிராயரில் இருக்கிறது. வேலைக்குச் சேரும் பையனுக்கு முதல் நாளே அதைக் கையில் கொடுப்பேன். வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் ரோல் கேஜ் எடை கூட்டும், கூட்டட்டும். ஓட்டுநர் சீட், பெல்ட், கேஜ் மூன்றிலும் நான் ஒரு கிராம்கூடக் குறைப்பதில்லை.

ரோட்டில் ஓடும் காரைக் கொண்டுவந்து "ரேஸ் வண்டி மாதிரி குறைச்சுக் குடுங்கண்ணே" என்று கேட்பவர்களுக்கு அதைச் செய்து தருவதில்லை. கதவுக்குள் இருக்கும் இரும்புச் சட்டம் பக்கவாட்டில் இடித்தால் விலா எலும்பைக் காப்பது. பதிவில் உள்ளபடி இல்லாமல் வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடுக்கிறது. அவர்களை டிக்கியைத் திறக்கச் சொல்வேன். பழைய பேட்டரி, சிமெண்ட் மூட்டையில் மிச்சம், போன வருடக் குடை எல்லாம் கிடக்கும். அதை இறக்கிவிட்டு, காலியாக ஓடும் கேரியரையும் கழற்றி, டயரில் சரியாகக் காற்றடித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள் என்பேன்.

இந்த ஆடிக்கு அம்மனைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எட்டுப் பேர் கிளம்பினால் மூன்று பேர் பஸ்ஸில் வாருங்கள். செங்குன்றத்திலிருந்து பஸ் இருக்கிறது.