துரு எங்கே தொடங்கும்?

ஆல்டூனாவில் ஒரு வீட்டுக் கார் ஷெட்டுக்குள் நான் நுழைந்தபோது, வெதுவெதுப்பான நீர் நிரம்பிய சட்டியில் ஒரு ஸ்ப்ரே டப்பா நின்றுகொண்டிருந்தது. இந்தச் சூட்டில் பெயின்ட் இளகித் தூவல் பொடியாக விழும் என்றார் அந்த வீட்டுப் பெரியவர். கொதிநீரில் மட்டும் வைத்துவிடக் கூடாது, வெடித்துவிடும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கும் இந்த ஊரையே 1849-ல் ஒரு ரயில்வே கம்பெனிதான் உருவாக்கியது. பெரியவர் இங்கே சரக்கு வேகன்களைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். ஆயுள் முழுக்கத் துருவைச் சுரண்டிய அந்தக் கை, இப்போது மகளோடு சேர்ந்து பொம்மை வேகன்களுக்குத் துரு ஏற்றுகிறது. அசலில் 87-ல் ஒரு பங்குதான் அளவு. நாற்பதடி வேகன் சுமார் 14 சென்டிமீட்டரில் அடங்கிவிடுகிறது.

சக்கரங்களையும் இணைப்புக் கொக்கிகளையும் முதலிலேயே கழற்றி வைத்திருந்தார்கள். கொக்கியின் ஸ்பிரிங்கில் பெயின்ட் ஏறினால் வேகன் வேகனோடு மாட்டாது. மகள் முகமூடி அணிந்து, டப்பாவை ஒன்றரை அடி தள்ளிப் பிடித்தார். வேகனுக்கு வெளியிலேயே அழுத்தத் தொடங்கி, அதைக் கடந்த பிறகே விரலை எடுத்தார். முதல் பீச்சலில் சொட்டு விழும், அது வேகன்மேல் படக் கூடாது. ஸ்ப்ரே டப்பாவில் தூவலைக் கூட்டவும் குறைக்கவும் திருகு கிடையாது. தூரமும் கைவேகமும்தான் எல்லாம். இந்த வேலையின் திறமை அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

ஆனால் தூவுவதைவிட, தூவுவதற்கு முன் அவர்கள் பேசியதைத்தான் நான் அதிகம் கவனித்தேன். ஒவ்வொரு கறைக்கும் பெரியவர் காரணம் கேட்டார். நிலக்கரி வேகனுக்கு உட்புறம் ஏன் துரு? கரி விழுந்து உரசிப் பெயின்டைத் தின்றுவிடுகிறது. முன்பின் சுவர்களில் ஏன் இரண்டு செங்குத்துச் சேற்றுப் பட்டைகள்? சக்கரங்கள் வாரியிறைத்தவை. சிமென்ட் வேகனில் வெள்ளைக் கோடுகள் மேல்மூடியிலிருந்துதானே இறங்க வேண்டும்? துத்தநாகம் பூசிய கூரையில் பெயின்ட் நிற்காமல் செதில் செதிலாக உரியும். அந்தத் தோற்றம் வர மகள் சாம்பல் நிறம் அடித்துக் காயவிட்டு, ஈரம் தொட்டு உப்பைத் தூவி, மேலே செம்பழுப்பு அடித்தார். காய்ந்ததும் உப்பைத் தேய்த்து உதிர்க்க, உரிந்த கூரை வெளிப்பட்டது. அசல் வேகன்களில் அந்தச் செம்பழுப்பு நிறமியே இரும்பு ஆக்சைடுதான். மலிவு, நீடித்து உழைக்கும் என்பதால் சரக்குப் பெட்டிகளுக்கு அதைப் பூசினார்கள்.

காரணம் பாராமல் உடம்பு முழுக்க ஒரே பழுப்பாக அடித்த வேகன்களையும் வேறிடங்களில் பார்த்திருக்கிறேன். அவை எந்த மழையிலும் நனையாதவை.

பக்கச் சுவரில் மங்கல் வார்னிஷ் காய்ந்திருந்தது. அதன்மேல் ஆல்கஹால் தொட்ட தூரிகையை மேலிருந்து கீழாக மட்டும் இழுத்தார்கள். வெள்ளை பூத்தது. வேறு வேலையில் அது கெட்டுப்போன பூச்சு. இங்கே அது பல வருட வெயில்.

கடைசி அழுக்குத் தூவலுக்கு முன், வேகன் எண்ணின்மேல் பெரியவர் ஒரு துண்டு டேப் ஒட்டினார். எண் படிக்க முடியாவிட்டால் ரயில் யார்டில் வேலை நடக்காது. அங்கே அதை மட்டுமாவது துடைத்து வைப்பார்களாம். தூவல் முடிந்ததும் டேப்பை உரித்தார். எண் பளிச்சென்று தெரிந்தது. சற்று நேரம் பார்த்துவிட்டு வேகனை மகள் பக்கம் நகர்த்தினார். மகள் டப்பாவை இன்னும் தள்ளிப் பிடித்து, அந்தப் பளிச்சின்மீதும் ஒரே ஒரு மெல்லிய தூசியை இறக்கினார்.