தள்ளுதற்சீட்டு

1994-ஆம் வருடம், என் கல்யாணத்தன்று காலை. திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். கோயிலில் முதல் மணி அடித்துவிட்டது. என் ரவிக்கையைத் தைத்துக் கொடுத்த தையலக்கா, தலையில் நெட் குத்திவிடுவதற்காகக் குண்டூசி டப்பாவோடு அறை வாசலில் வந்து நின்றார். நான் அம்மாவின் காதில் சொன்னேன்: “அவங்க வேண்டாம்மா. இன்னிக்கு அவங்க கை பட வேண்டாம்.”

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனாலும் அவருக்குக் கேட்டுவிட்டது. டப்பாவை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, “நேரமாச்சு, சீக்கிரம் கெளம்புங்க” என்று சொல்லிப் போய்விட்டார்.

தையலக்கா செய்த தப்பு, 1983-இல் புருஷன் வீட்டைவிட்டு வந்துவிட்டது. அடி தாங்காமல்தான் வந்தார் என்பது ஊருக்கே தெரியும். அவருடைய முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். பாடகர் குழுவுக்கு அங்கி தைத்துக் கொடுத்தார். பாடகர் குழுவில் அவர் கிடையாது. அசனத்துக்குக் காய் நறுக்க வருவார். பந்தியில் பரிமாறக் கூப்பிட மாட்டார்கள். இப்படி நடக்க வேண்டும் என்று எந்த ஐயரும் பிரசங்க பீடத்திலிருந்து அறிவித்ததில்லை. பெண்கள்தான் கண்ணாலேயே சொல்லிக்கொண்டோம். இருபத்து மூன்று வயதில் அந்தப் பாஷை எனக்கு நன்றாகவே பேச வந்தது.

ஒன்பது வருடம் கழித்து நானும் ஒரு பெட்டியோடு அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். என் கணவர் அவருடைய சபையில் கமிட்டி அங்கத்தினர். ஞாயிற்றுக்கிழமைகளில் வேதபாடம் வாசிப்பார், நல்ல குரல். சேலை மறைக்கிற இடம் பார்த்து அடிப்பார். வெளியில் தெரியாத காயத்துக்குச் சாட்சியும் கிடையாது என்று அவருக்குத் தெரியும்.

வக்கீல் அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் தையலக்கா கதையின் மறுபாதி எனக்குத் தெரியவந்தது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டம் 1869-இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்தது. அதன்படி, மனைவி வேறொருவனோடு இருந்தாள் என்று மட்டும் நிரூபித்தால் கணவனுக்கு விவாகரத்து கிடைக்கும். மனைவிக்கு அது போதாது. கணவன் வேறொருத்தியோடு இருந்ததையும் காட்ட வேண்டும். அதோடு அவன் கொடுமை செய்தான் என்றோ, இரண்டு வருடமாவது கைவிட்டுப் போனான் என்றோ சேர்த்துக் காட்ட வேண்டும். வெறும் அடி உதைக்கு விவாகரத்து கிடையாது, சட்டப்படி தனியாக வாழ அனுமதி மட்டும்தான். எல்லாம் நிரூபித்து மாவட்ட நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தாலும், அதை உயர் நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும். தையல் மிஷினை வைத்துக்கொண்டு பிழைக்கிற ஒரு பெண் இதில் எந்தப் படியை ஏறியிருக்க முடியும்?

1995-இல் கேரள உயர் நீதிமன்றம் இந்தப் பாகுபாடு செல்லாது என்றது. மலைக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்கு, 2001-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தும்வரை விடியவில்லை. அந்தத் திருத்தம்தான் கொடுமை என்ற ஒரே காரணத்துக்காகவும் ஒரு கிறிஸ்தவப் பெண் விவாகரத்து கேட்கலாம் என்றது. இருவரும் சம்மதித்துப் பிரிகிற வழியையும் அதுதான் திறந்தது. அதற்கும் இரண்டு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று வைத்தது. நான் அந்த வழியில்தான் வந்தேன். 2007-இல் தீர்ப்பு கையில் கிடைத்தது. தையலக்காவுக்குக் கிடைக்காத காகிதம் எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் என் தைரியம் இல்லை. நான் கொஞ்சம் பிந்திப் பிறந்தேன், அவ்வளவுதான்.

கல்யாணம் என்றால் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். விவாகரத்துக்கு ஓலை வாசிப்பதில்லை. அதற்குப் பதிலாக ஜெபக் கூட்டம் இருக்கிறது. “பாவம், அவளை ஜெபத்துல வச்சுக்கோங்க” என்று ஒருத்தி சொன்னால், “என்னவாம்?” என்று அடுத்தவள் கேட்பாள். கண்ணை மூடி ஆமென் சொல்வதற்குள் முழுக் கதையும் வந்துவிடும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெபம் நடத்தும் முறை என் பெயருக்கு வராமல் போயிற்று. அப்போதிருந்த ஐயர் வீட்டுக்கே வந்து, “கொஞ்ச நாளைக்குத் திருவிருந்துக்கு முன்னால வராம இருந்தா நல்லது, இடறலாயிடக் கூடாது பாருங்க” என்றார். என் கணவரோ அவருடைய சபையில் அப்பமும் வாங்கினார், வேதபாடமும் வாசித்தார்.

தேவன் தள்ளிவிடுதலை வெறுக்கிறார் என்று மல்கியா புத்தகத்தை என்னிடம் காட்டாதவர்கள் குறைவு. எத்தனையோ முறை கேட்டபிறகு ஒருநாள் நானே எடுத்துப் படித்தேன். அந்தப் பகுதி முழுக்க, இளவயதின் மனைவிக்குத் துரோகம் பண்ணின ஆண்களைப் பார்த்துப் பேசுகிறது. அதே வசனம் கொடுமையைப் பற்றியும் சொல்கிறது. அந்த வரியை யாரும் எனக்குக் காட்டவில்லை.

விவாகரத்துக்கு நம் தமிழ் வேதாகமத்தில் இருக்கிற சொல் தள்ளுதற்சீட்டு. அதை எழுதுகிற உரிமை கணவனிடம் இருந்தது. எந்தக் காரணத்துக்காக எழுதலாம் என்று இயேசுவின் காலத்து யூத போதகர்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. ஷம்மாயின் பள்ளி, ஒழுக்கக்கேடு இருந்தால்தான் என்றது. ஹில்லேலின் பள்ளி, மனைவி சமையலைக் கெடுத்தால்கூடப் போதும் என்றது. எந்த முகாந்தரத்தினாலும் தள்ளலாமா என்று பரிசேயர் இயேசுவிடம் வந்து கேட்டது இதைத்தான். குழம்பு கருகியதற்காக ஒரு பெண்ணைத் தெருவில் விடாதே என்று ஆண்களுக்குச் சொன்ன பதிலை, உதை வாங்கினாலும் வீட்டைவிட்டு வராதே என்று பெண்களுக்குச் சொன்னதாக எப்படி மாற்றினோம்? புருஷனை விட்டுப் போகிற மனைவியையும் மாற்கு குறிப்பிடுகிறார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் யோசேப்பும் மரியாளை இரகசியமாகத் தள்ளிவிட நினைத்தவர்தானே. வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு அதை வாசிக்கிறோம். அவரை நீதிமான் என்கிறது வேதம். அவருக்கு ஜெபக் கூட்டத்தில் யாரும் இரக்கப்படுவதில்லை.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும், ஜன்னல் திண்டில் இருந்த குண்டூசி டப்பா என்னைவிட்டுப் போகவில்லை. சட்டத்தை எழுதியவர்கள் ஆண்கள், வசனத்தைப் பாதியாக வாசித்தவர்கள் ஆண்கள். ஆனால் அந்தத் தீர்ப்பை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற சம்பளமில்லாத வேலையைச் செய்தது நாங்கள். யார் தாம்பூலத் தட்டு தூக்கலாம், யார் பந்தியில் பரிமாறலாம் என்று பார்த்துப் பார்த்துத் தீர்மானித்தோம். அந்த வேலைக்குக் கூலியாக எங்களுக்குக் கிடைத்தது ஒன்றுதான்: ‘நான் அவளைப் போல இல்லை’ என்ற நிம்மதி. என் கல்யாணக் காலையில் நான் வாங்கிய கூலியும் அதுதான்.

2008-இல் ஒரு சாயங்காலம் தையலக்கா வீட்டுக்குப் போனேன். மிஷினில் துணி ஓடிக்கொண்டிருந்தது. நான் சொல்ல வந்ததை முழுவதும் சொல்லி முடிக்கவில்லை.

“மன்னிப்பு கேட்க வந்தியா, இல்ல துணைக்கு ஆள் தேடி வந்தியா?” என்றார்.

“ரெண்டும்தான் அக்கா.”

“அன்னைக்கு எல்லாரும் நெனச்சதத்தான் நீ சொன்ன. உன் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டுட்டு.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “வலிக்கலைன்னு சொல்ல மாட்டேன். உட்காரு.”

திருவிருந்துக்குப் போகாமல் இருப்பதைச் சொன்னேன். தானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். “அப்புறம் யோசிச்சேன். அவரு குடுக்கலைன்னா அது அவரு பாடு. நாம கையை நீட்டாம இருந்தா அது நம்ம பாடுல்லா?”

அடுத்த திருவிருந்து ஞாயிறு அவருக்குப் பின்னால் நடந்துபோய் முழங்கால் போட்டேன். கையை நீட்டினேன். ஐயர் ஒரு நொடி நின்றார். பிறகு அப்பத்தை வைத்தார். கோயில் இடிந்து விழவில்லை.

இப்போதும் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறோம். போன மாதம் ஊருக்குள் ஒரு சின்னப்பெண் கைக்குழந்தையோடு திரும்பி வந்திருக்கிறாள். ஜெபக் கூட்டத்தில் அவள் பெயரைச் சொல்லி, “என்னன்னா...” என்று ஒருத்தி ஆரம்பித்தாள். “அவ சொல்லச் சொன்னாளா?” என்று கேட்டேன். பேச்சு அங்கேயே நின்றது. இரண்டு பேர் என்னை முறைத்தார்கள். அந்தப் பெண் இன்னும் கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறாள். நாங்கள் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் கோயிலே திரும்பிப் பார்க்கும். பெஞ்சின் ஓரத்தில் ஓராள் இடம் விட்டு உட்காருகிறோம்.