இல்லை என்பது வேறு, தெரியாது என்பது வேறு

ஷெல் நிரல்களில் டெஸ்ட் என்றொரு சின்னக் கட்டளை உண்டு. பரீட்சை என்றே தமிழாக்கிவிடலாம். 1979இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்போடு ஸ்டீபன் போர்னின் ஷெல் வந்த காலத்திலும் அதன் வேலை இதுதான். இன்று லினக்ஸில் ஓடும் பாஷிலும் இதுதான். பலரும் சதுர அடைப்புக்குறி போட்டு எழுதுவது அதன் மறுபெயரைத்தான். அடைப்புக்குறியே ஒரு கட்டளை என்பதால், அடுத்து ஓர் இடைவெளி விடாவிட்டால் அப்படியொரு கட்டளையே இல்லை என்று ஷெல் கைவிரித்துவிடும்.

முறையாகக் கேட்டால் டெஸ்ட் வாய் திறக்காது. பதிலை ஓர் எண்ணாக விட்டுச் செல்லும். உண்மையென்றால் 0, பொய்யென்றால் 1. பூச்சியம் எடுத்தவன் சித்தி என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குச் செரிக்கக் கொஞ்சம் நாளெடுக்கும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது மூன்றாவது பதில். கேள்வியே பொருந்தாதபோது அது 1 என்று சொல்வதில்லை; பாஷில் 2 தரும். "ஆம்" அல்ல, "இல்லை"யும் அல்ல, "என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை" என்பது அதன் கருத்து. ஆனால் பதிலைக் கேட்கும் இஃப் காது மந்தமான ஆள். பூச்சியமா, அல்லவா என்பது மட்டுமே அதற்கு விளங்கும். 1 வந்தாலும் 2 வந்தாலும் எல்ஸ் பக்கம் தள்ளிவிடும்.

எங்கள் பாடசாலையில் சாதாரண தர வகுப்பின் தவணைப் புள்ளிகளைப் பிரிக்க, பல்கலைக்கழக விடுமுறையில் வந்த பழைய மாணவர் ஒருவர் ஒரு நிரல் எழுதித் தந்தார். 35க்குக் குறையாவிட்டால் சித்தி, மற்றவர்கள் சித்தியடையாதோர் பட்டியலில். பத்து வரிதான், நன்றாகவே ஓடியது. அச்செடுத்துப் பார்த்தால், பரீட்சைக்கே வராத ஒரு பிள்ளையின் பெயர் சித்தியடையாதோரில் நிற்கிறது. உம்மா ஆஸ்பத்திரியில், தம்பிமாரைப் பார்க்க வேறு ஆளில்லை என்று வீட்டில் நின்ற பிள்ளை. அவளுடைய புள்ளிக் கட்டம் வெறுமையாக இருந்தது. வெறுமையை 35உடன் ஒப்பிடச் சொன்னதும், முழு எண் வேண்டும் என்று ஷெல் திரையில் முறையிட்டு 2 தந்திருக்கிறது. இஃப் அதை "இல்லை" என்று எடுத்துக்கொண்டது. முறைப்பாடு திரையோடு போயிற்று. பெயர் தாளில் தங்கிவிட்டது. அந்தத் தாள் அறிவித்தல் பலகைக்குப் போகவிருந்தது.

ஹதீஸ் கலையில் மத்னை ஏற்றுக்கொள்ளுமுன் ஸனதைப் பார்ப்பார்கள். இங்கும் அப்படியொரு வரிசை வேண்டியிருக்கிறது. கோப்பு இருக்கிறதா என்பதற்கு -எஃப். இருந்தும் உள்ளே ஒன்றுமில்லாமல் இருக்கலாம், அதற்கு -எஸ். பென் டிரைவில் வரும் கோப்புகளில் 0 பைட் கோப்பு அபூர்வமல்ல, -எஃப் அதையும் இருக்கிறது என்றே சொல்லும். பிறகு, இந்தப் பிள்ளையின் கட்டம் வெறுமையா என்பதற்கு -இஸட். இவ்வளவும் கேட்ட பிறகுதான் 35.

மாறியை மேற்கோள் குறிக்குள் வைப்பதும் சும்மா அலங்காரமல்ல. வெறுமை அல்லவே என்று கேட்கும் -என் பக்கத்தில் குறியில்லாத வெறும் மாறியை எழுதினால், ஷெல் அதை விரித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று எறிந்துவிடும். -என் மட்டும் தனியே நிற்கும். ஏதோ ஒரு சொல் இருக்கிறதே என்று டெஸ்ட் 0 தந்துவிடும். இல்லாத புள்ளி இருப்பதாகச் சாட்சி! -ஜீஈ எழுதவேண்டிய இடத்தில் கணக்குப் பாடத்துப் "பெரிது" குறியைப் போட்டால் இன்னும் வேடிக்கை: முழு வகுப்பும் சித்தி, கூடவே 35 என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பும் பிறந்திருக்கும். ஷெல்லுக்கு அந்தக் குறி, கோப்பில் எழுது என்ற ஏவல்.

தம்பி அன்றே -இஸட் சோதனையை முதலில் நுழைத்து, மூன்றாவது பட்டியல் ஒன்றைப் பிரித்துத் தந்தார். தலைப்பு என்ன சேர் என்று கேட்டார். "விசாரிக்க வேண்டியோர்" என்று போடச் சொன்னேன். ஐந்து பெயர்கள் வந்தன. இடாப்போடு ஒப்பிட்டால் அவர்களில் இருவர் பரீட்சை எழுதியிருந்தார்கள். விடைத்தாள்கள் ஆசிரியர் அறை அலுமாரியில், புள்ளி பதியப்படாமல் கிடந்தன.