பக்கத்து வயல் நெல்

உபாத்தியாயரை மாணாக்கன் கேட்கும் கேள்விகளில் இரண்டு வகை உண்டு. பதில் தெரியாத கேள்வி ஒரு வகை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று ஒத்திப்போட்டுத் தப்பிவிடலாம். பதில் நன்றாகத் தெரிந்தும் சொல்ல வாய் வராத கேள்வி மற்றொரு வகை. அதற்குத் தப்பும் வழி கிடையாது. ஏரலில் நாம் பாடம் சொல்லத் தொடங்கி இருபது வருஷமாகிறது. இரண்டாம் வகைக் கேள்வி ஒன்று நம்மை ஒரே ஒரு முறை மடக்கியது. அதன் பயனாக நமது வீட்டு அடுக்களையில் நேர்ந்த மாறுதல்களையே இங்கே சொல்லப் புகுந்தோம்.

2024-ஆம் வருஷம் பள்ளிக்கூடம் திறந்த புதிது. சரித்திர பாடத்தில் சிவகளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். சிவகளை நமக்கு அயலூர்தான். அங்கே தொல்லியல் துறையார் தோண்டியெடுத்த முதுமக்கள் தாழி ஒன்றில் நெல்லுமி கிடைத்தது. அமெரிக்காவிலுள்ள ஆய்வுச்சாலையில் சோதித்ததில் அதன் காலம் கி.மு. 1155 என்று கண்டார்கள். 2021 செப்டம்பரில் இச்செய்தி சட்டசபையிலேயே வெளியிடப்பட்டது. "பிள்ளைகளே! 3,200 வருஷங்களுக்கு முன்பே நம் பொருநைக் கரையில் நெல் இருந்திருக்கிறது!" என்று சொல்லி மேஜையை ஓங்கித் தட்டினோம்.

கடைசி பெஞ்சியில் ஒரு பையன் எழுந்து நின்றான். அவன் தகப்பனார் நெல்லும் வாழையும் பயிரிடுகிறவர். முந்தின நாள் மாலை நமது ஸ்கூட்டரிலிருந்து அரிசி மூட்டையை இறக்குவதற்குக் கைகொடுத்தவனும் அவனே. "அப்படியானால் சார் வீட்டுக்கு மட்டும் ஏன் சார் கர்நாடகத்து அரிசி வருது?" என்று கேட்டான். பரிகாசமாகக் கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டிருக்கலாம். தெரிந்துகொள்ள வேண்டுமென்றே கேட்டான். நல்ல வேளை, மணி அடித்தது.

அன்று மாலை வீட்டில் ஒரு சோதனை நடத்தினோம். அரிசி கர்நாடகத்தினுடையது. பழத்தட்டில் வாஷிங்டன் என்று சீட்டு ஒட்டிய ஆப்பிள் இரண்டு. காரட்டும் முட்டைக்கோசும் மலைப்பிரதேசத்திலிருந்து இறங்கியவை. டப்பாவில் ஓட்ஸ், அது எந்த நாட்டுப் புல் என்பது நமக்கே தெரியாது. பொருநை பாயும் ஊரில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே குடியிருக்கும் நமது வீட்டில், வாழைப்பழம் ஒன்றுகூட இல்லை. மறுநாள் வெள்ளிக்கிழமையாயிருந்தால் சுவாமிக்கென்று நாலு பழம் வந்திருக்கும்!

அப்போது நமக்கு 2023 டிசம்பர் 17, 18 தேதிகள் நினைவுக்கு வந்தன. இந்தச் சீமையார் யாரும் அவற்றை மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆறு கரை புரண்டு ஊருக்குள் புகுந்தது. பாலம் சேதமடைந்து ஏரல் தீவாயிற்று. கடைவீதியில் சரக்கெல்லாம் சேறாயிற்று. ஹெலிகாப்டரிலும் படகிலும் வெளியூர்களிலிருந்து வந்த உணவுதான் நம் பக்கத்து ஜனங்களின் உயிரைக் காத்தது. ஆகையால் வெளியூர் அரிசியைத் தூஷிக்க நமக்கு நாக்கு எழாது.

ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு கண்டதும் மறக்கவில்லை. அந்தப் பையனுடைய தகப்பனாரின் வாழை அத்தனையும் குலையோடு சாய்ந்து கிடந்தது. பிசான நாற்று மணலுக்கடியில் போயிற்று. நாம் வரப்பில் நின்று, "ஐயோ பாவம், அண்ணாச்சி!" என்று உருகினோம். அதே வாரத்தில் வீட்டுக்கு ஆப்பிள் வாங்கிச் சென்றோம். ஐந்தாறு மாதத்தில் அவர் கடன் வாங்கி மறுபடி கன்று நட்டார். நாம் மறுபடி ஆப்பிள் வாங்கினோம். நமது அனுதாபம் வாயோடு நின்றது; பணப்பைக்கு இறங்கவில்லை. பையனுக்குச் சொல்ல முடியாத பதில் இதுதான்.

சுதேசியைப் பற்றி நாம் பாடம் நடத்தாத வருஷம் கிடையாது. 1906-இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை கப்பல் கம்பெனி கண்ட கதையைச் சொல்லும்போது நமக்கே உடல் சிலிர்க்கும். ஆனால் 1916 பிப்ரவரியில் சென்னையில் நடந்த பாதிரிமார் மாநாட்டில் காந்தியடிகள் சுதேசிக்குச் சொன்ன பொருள் இன்னும் நெருக்கமானது: தூரத்தில் இருப்பதை விட்டு, நமக்கு அண்மையில் இருப்பதையே பயன்படுத்தி, அண்மையில் இருப்பவருக்கே ஊழியம் செய்வது. இராட்டைக்கு மட்டுமன்று, உலைப்பானைக்கும் இது பொருந்துமல்லவா? 2005-இல் கனடா தேசத்து வான்கூவர் நகரில் ஒரு தம்பதி, நூறு மைலுக்குள் விளைந்ததையே ஒரு வருஷம் உண்பதென்று விரதம் பூண்டு புஸ்தகமும் எழுதினார்கள். நமக்கு நூறு மைல்கூட வேண்டியதில்லை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலக்கும் வரையில் பொருநையின் நீளமே சுமார் 130 கிலோமீட்டர்தான்.

ஆகவே நாமும் ஒரு சங்கல்பம் செய்துகொண்டோம். ஆற்றங்கரையிலும் அதை அடுத்த கரிசல் பூமியிலும் தேரிக்காட்டிலும் விளைவதை முதலில் வாங்குவது. அங்கே கிடைக்காததற்கு மட்டும் வெளியே போவது. வீட்டில் இதைச் சபாநாயகர் தோரணையில் அறிவித்தோம். நமது மனைவியார் சாவதானமாகக் கேட்டுவிட்டு, "காப்பிப் பொடி எந்த வயலில் விளைகிறது?" என்றார்.

பேச்சுவார்த்தை இரண்டு நாள் நடந்தது. காப்பிக்கு விலக்கு அளிக்கப்பட்டது. துவரம் பருப்புக்கும் பெருங்காயத்துக்கும் விலக்கு. (பெருங்காயச் செடியை இமயமலைப் பக்கத்து லாஹௌலில் பயிரிடத் தொடங்கியதே 2020-இல்தான்.) மிளகாய் போர்த்துகீசியர் கொண்டு வந்ததாயிற்றே என்று நமது மூத்த மகள் ஆட்சேபித்தாள். நானூறு வருஷத்துக்கு மேல் நம் மண்ணில் விளைந்து, விளாத்திகுளத்துக் கரிசலில் குடியேறிவிட்ட மிளகாயை அன்னியமென்று சொல்வது தர்மமாகாது என்று தீர்ப்பளித்தோம். உளுந்தும் பாசிப்பயறும் அதே கரிசலிலிருந்து கிடைத்தன. தூத்துக்குடி உப்பும், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டியும், புன்னைக்காயல் மீனும் எதிர்ப்பின்றி நிறைவேறின.

அரிசிதான் கஷ்டம் கொடுத்தது. கண்ணெதிரே விளையும் நெல்லை ஏரலில் வாங்குவது எளிதென்று நேயர்கள் நினைக்கலாம். களத்திலேயே வியாபாரி அளந்து கொண்டு போய்விடுகிறார். அது எந்த ஊர் ஆலையில் அரைபட்டு, எந்தப் படம் போட்ட பையில் அடைபட்டு எங்கே போகிறதோ, யாருக்கும் தெரியாது. பையனுடைய தகப்பனாரிடம் நாம் முன்கூட்டியே சொல்லிவைத்து, 2025 பங்குனியில் பிசான அறுவடை முடிந்ததும் நான்கு மூட்டை நெல் வாங்கினோம். வியாபாரி கொடுக்கும் விலைக்குமேல் கொஞ்சம் சேர்த்தே கொடுத்தோம். அது அம்பை 16. அம்பாசமுத்திரத்து நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உண்டாக்கி 1986-இல் வெளியிட்ட ரகம். நம் ஆற்று நீரில் பிறந்து நம் ஆற்று நீரிலேயே வளர்ந்த நெல்!

பட்டதாரியாகிய நமக்கு நெல் அவிக்கத் தெரியாது என்பது அப்புறம்தான் விளங்கியது. முதல் மூட்டையை அளவுக்கு மிஞ்சி ஊறவைத்தோம். நாற்றம் தெருவைத் தூக்கியது. பிறகு மொட்டை வெயிலில் ஒரே மூச்சாகக் காயப்போட்டோம். ஆலையில் பாதி குருணையாயிற்று. "சார், நிழலில் ஆறப்போட்டு அரைக்கணும்" என்று பையனுடைய ஆச்சி வந்து சொல்லிக் கொடுத்தார்கள். மீதி மூன்று மூட்டைகளும் அவர்களுடைய மேற்பார்வையிலேயே தேறின.

வேறொரு சங்கடமும் வந்தது. சென்னையிலிருந்து மைத்துனர் குடும்பத்தோடு வந்திருந்தார். அம்பை 16 குண்டு அரிசி. சன்ன அரிசி உண்பதே கௌரவம் என்று பழகிவிட்ட வீடுகளில் குண்டு அரிசியைப் பரிமாறுவது லேசான காரியமன்று. "ரேஷன் அரிசியா, அக்கா?" என்று அவர் சாதாரணமாகக் கேட்டுவிட்டார். நமது மனைவியாரின் முகம் சுண்டிப் போயிற்று. அன்று மாலையே சன்ன அரிசிக்கு ஆள் அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்தோம். அனுப்பவில்லை. மறுநாள் காலை அதே அரிசியில் இட்லி வார்த்தார்கள். மைத்துனர் ஒன்பது இட்லி சாப்பிட்டார். ஊருக்குப் புறப்படும்போது பத்துக் கிலோ அரிசி கேட்டு வாங்கிக்கொண்டார்.

இதனால் உலகம் திருந்திவிடும் என்று நாம் சொல்லவில்லை. நான்கு மூட்டை நெல்லால் ஒரு குடியானவரின் கடன் தீர்ந்துவிடாது. செலவும் சில மாதங்களில் கூடியே வந்தது. ஆனால் இப்போது மழை பெய்தால் நாம் ஆற்றைப் பார்க்கிறோம். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் எவ்வளவு தண்ணீர் என்று விசாரிக்கிறோம். அந்த வயல் நன்றாயிருக்கவேண்டுமென்ற கவலை நம் வீட்டுக் கவலையாகிவிட்டது. முன்பு நாம் பட்ட அனுதாபத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

பையன் இப்போது மேல்வகுப்புக்குப் போய்விட்டான். சென்ற வாரம் வழியில் கண்டு, "சார், இந்த வருஷம் எத்தனை மூட்டை?" என்று கேட்டான். "ஐந்து" என்றோம். அதோடு விட்டானா? "காப்பி இன்னும் விடலையாமே?" என்றான். வீட்டுக்குள்ளே யாரோ உளவு சொல்கிறார்கள்!